பெரிய எலும்பு மில்லுக்கு, சின்ன எலும்பு ஆபீசுக்கு

மனிதனுக்கு உடம்பு என்று ஒன்று இருக்கிறவரை அதற்கு ஏதாவது வந்துகொண்டுதான் இருக்கும் என்பதை அரசாங்கம் கொள்கையளவில் ஏற்றுக்கொண்டிருந்த காலம் அது. 1980ஆம் வருஷம், தை மாதம். திருவண்ணாமலை போளூர் ரோட்டில் இருந்த ஒரு கடலை எண்ணெய் மில்லில், கிடங்கு மேஸ்திரி சகாதேவன் மூட்டை அடுக்கின் மேல் நின்று கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கீழே அவருடைய மனைவி தனம் சாப்பாட்டுக் கேரியரோடு வந்து நின்றாள். தனம் ஊரிலேயே ஒரு கவர்மென்ட் ஆபீசில் அட்டெண்டர். மத்தியான இடைவேளையில் ஓட்டமும் நடையுமாக வந்து புருஷனுக்குச் சோறு கொடுத்துவிட்டு ஓடுவாள்.

"ஏங்க, சீக்கிரம் புடிங்க. கொழம்பு சாயுது."

சகாதேவன் குனிந்து கையை நீட்டினார். காலடியில் இருந்த மூட்டை நகர்ந்தது. மூட்டை போய், கீழே நின்றிருந்த சுமை தூக்கும் அர்ஜுனனின் காலில் விழுந்தது. சகாதேவன் தம் சொந்தக் காலின் மீதே விழுந்தார். ஒரே சத்தத்தில் இரண்டு கால்கள் ஒடிந்தன, ஆளுக்கு ஒன்றாக.

வலியில் கண்ணில் தண்ணீர் வந்தாலும் சகாதேவனுக்கு முதலில் அர்ஜுனனை நினைத்துத்தான் மனசு கஷ்டப்பட்டது. அர்ஜுனன் தினக்கூலி. அவனுக்கு வைத்தியத்துக்கு என்று எந்தக் காப்பும் இல்லை. சகாதேவனுக்கோ இரண்டு இருந்தன. மில்லில் வேலை பார்ப்பதால் 'தொழிலாளர் தேகநலக் காப்புத் திட்டம்' ஒன்று. ஊர் வழக்கில் மில் காப்பு. தனத்தின் புருஷனாக இருப்பதால் 'அரசலுவலர் குடும்பத் தேகநலக் காப்புத் திட்டம்' இன்னொன்று. அது ஆபீஸ் காப்பு. இரண்டு அட்டைகளையும் பிளாஸ்டிக் உறையில் போட்டுச் சட்டைப் பையில், வெளியே தெரிகிற மாதிரி வைத்திருப்பார். டீக்கடையில் காசு எடுக்கும்போதெல்லாம் அட்டைகள்தான் முதலில் வெளியே வரும்.

பக்கத்து வீட்டுப் பாஞ்சாலை ஒருமுறை, "ரெண்டு காப்புன்றீங்களே, எத்தினி பவுனு?" என்று கேட்டாள். அப்போதுகூட அவர் சிரிக்கவில்லை. "பவுன விட ஒசத்தி" என்றார்.

அப்படிப்பட்டவர், தரையில் கிடந்தபடியே சொன்னார்: "அர்ஜுனா, உன் நெலமைய நெனச்சாத்தான்டா எனக்கு மனசு ஆறல. எனக்கு ரெண்டு இருக்குது. உனக்கு ஒண்ணுகூட இல்லையே."

"இன்னா பண்றது மேஸ்திரி? என் தலையெழுத்து" என்றான் அர்ஜுனன்.

அவனை ஒரு கைவண்டியில் தூக்கிப் போட்டு ஊர் இலவச வைத்தியசாலைக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். 'எந்தக் காப்பும் இல்லாத ஏழைகளுக்கு மட்டும்' என்று வாசலிலேயே பலகை வைத்திருக்கும் இடம். தனம் கைவண்டியைப் பார்த்தாள்.

"நாமளும் இதுலயே போயிடலாமாங்க?"

"அங்கியா? அது ஒண்ணுமில்லாதவங்க போற எடம். ஒரு குதிரை வண்டி கூப்பிடு" என்றார் சகாதேவன்.

ஒடிந்த காலுக்குத் தாங்கலாகத் தனம் தன் குடையை வைத்துப் புடவைக் கிழிசலால் கட்டினாள். குதிரை வண்டி ஊருக்குக் கிழக்கே இருந்த மில் காப்பு மருந்தகத்துக்குப் போயிற்று. அங்கே தலைமை குமாஸ்தா அருணகிரி. மரியாதை தெரிந்த மனிதர். காலைப் பார்த்து 'ச்சு ச்சு' என்றார். பிறகு விசாரணையை ஆரம்பித்தார்.

"எப்படி விழுந்தீங்க?"

"கேரியர் வாங்கக் குனிஞ்சேங்க."

"கேரியர்ல இன்னா இருந்தது?"

"மொச்சக்கொட்டைக் கொழம்புங்க."

"மில்லு குடுத்த கொழம்பா?"

"இல்லீங்க. சம்சாரம் வெச்சது."

அருணகிரி பேனாவை மூடினார். "அப்ப இது குடும்பக் கொழம்பு. குடும்பக் கொழம்பால வந்த முறிவை நாங்க பார்த்தா மேலிடத்துல என் தலைய உருட்டிடுவாங்க. ஆபீஸ் காப்புக்குப் போங்க. ஒண்ணுக்கு ரெண்டா வெச்சிருக்கீங்க, உங்களுக்கென்ன கவலை?"

வண்டி மேற்கே இருந்த ஆபீஸ் காப்பு மருந்தகத்துக்குத் திரும்பியது. அங்கே டாக்டர் ரேணுகாம்பாள். அவரும் மரியாதை தெரிந்தவர். உட்காரச் சொன்னார். உட்கார முடியாது என்று தெரிந்ததும் படுக்கச் சொன்னார்.

"விழும்போது கால் எங்க இருந்தது?"

"மூட்டை மேலங்க."

"மூட்டை யாரோடது?"

"மில்லோடது."

"ஒடைஞ்சது கையா, காலா?"

"காலுங்க."

"அதான் பாருங்க. குழம்பை நோக்கி நீண்டது கை. கை ஒடைஞ்சிருந்தா, எந்தக் கேள்வியும் கேக்காம நாங்க கட்டுப் போட்டிருப்போம். கால் முழுக்க மில்லுலதான் இருந்திருக்கு. நீங்க அங்கயே போறதுதான் முறை."

வண்டி மறுபடி அங்கே போயிற்று. மறுபடி இங்கே வந்தது. மூன்றாவது தடவை குதிரைக்கு வழி சொல்ல வேண்டியிருக்கவில்லை. சாயங்காலம், காலில் வெள்ளை வெளேரென்று மாவுக்கட்டோடு அர்ஜுனன் கைவண்டியில் எதிரே வந்தான்.

"இன்னா மேஸ்திரி, இன்னும் கொடையவா கட்டினு இருக்கீங்க?"

"எங்களுது பெரிய எடம்டா. கொஞ்சம் நேரம் ஆவும்" என்றார் சகாதேவன்.

மறுநாள் தனம் லீவு போட்டுவிட்டு இரண்டு இடத்துக்கும் நடந்தாள். அருணகிரி அவளுக்கு விதியைப் பொறுமையாக விளக்கினார்.

"ஒரே முறிவுக்கு ரெண்டு எடத்துல வைத்தியம் பண்ணிக்கிட்டா அது இரட்டைப் பலன். பெரிய குத்தம்மா அது."

"எந்த எடத்துலயும் பண்ணிக்கலேன்னா?"

அருணகிரி புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார். "அது குத்தமில்ல."

தனம் வீட்டுக்கு வந்து புருஷனிடம் சொன்னாள்: "ஒண்ணு இருக்கறதாலதான் இன்னொண்ணு நம்மள தொரத்துது. ஆபீஸ் காப்ப வேணாம்னு எழுதிக் குடுத்துடறேன்."

சகாதேவன் பதறிப்போனார். "கைக்கு வந்தத யாராச்சும் விடுவாங்களா? ஊர்ல எவன்கிட்ட ரெண்டு இருக்குது?"

இருந்தாலும் வலி ஜாஸ்தியான ஒரு காலையில், சரி என்று தலையாட்டினார். தனம் எழுதிக்கொண்டு போனாள். டாக்டர் ரேணுகாம்பாள் படித்துப் பார்த்து வருத்தத்தோடு திருப்பிக் கொடுத்தார். வைத்தியம் நிலுவையில் இருக்கும்போது காப்பிலிருந்து யாரும் விலக முடியாதாம். வைத்தியம் முடிந்தால் விலகலாமாம்.

"விலகினாத்தானே வைத்தியம் நடக்கும்?"

"உங்க வருத்தம் நியாயம்தான். அதைக் குறிப்புல எழுதி மேல அனுப்பறேன்" என்றார் டாக்டர்.

குறிப்பு வேலூருக்குப் போயிற்று. வேலூரில் யோசித்துவிட்டு மெட்ராசுக்கு அனுப்பினார்கள். அங்கே பெரியவர்கள் கூடி உட்கார்ந்து, சகாதேவனுக்கு உண்மையில் வந்திருப்பது கால் முறிவு அல்ல, ஒருங்கிணைப்புக் குறைவு என்று கண்டுபிடித்தார்கள். உடனே போர்க்கால அடிப்படையில், சித்திரை மாதம், வேங்கிக்காலில் புதிதாகக் கட்டியிருந்த ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்து 'இரட்டைக் காப்பு ஒருங்கிணைப்பு அலுவலகம்' திறந்தார்கள். நாற்காலியை மில் காப்பும் மேஜையை ஆபீஸ் காப்பும் கொடுத்தன. மேஜை உயரமாகவும் நாற்காலி குட்டையாகவும் அமைந்துவிட்டதால், ஒருங்கிணைப்பு அதிகாரி பலராமன் உட்கார்ந்தால் மேஜைக்கு மேலே அவருடைய கிருதாவும் கண்ணாடியும் மட்டும் தெரியும்.

பலராமன் சபாரி சூட் போட்டிருந்தார். அந்த ஊர் அதுவரை சபாரி சூட்டை அவ்வளவு பக்கத்தில் பார்த்ததில்லை. ஒரே மாதத்தில் அருணகிரி ஒன்று தைத்துக்கொண்டார். அதைப் பார்த்து மளிகைக் கடைக்காரர் தைத்துக்கொண்டார். வெயிலில் வெந்துகொண்டே ஆளாளுக்குச் சாம்பல் நிறத்தில் உலாவினார்கள். சூட் தைக்க வழியில்லாதவர்கள், பலராமன் வாயிலிருந்து வந்த வார்த்தையை இலவசமாக எடுத்துக்கொண்டார்கள். தேரடித் தெருவில் அப்பனும் மகனும் நடத்திய சவரக் கடை 'ஒருங்கிணைந்த முடிதிருத்தகம்' ஆயிற்று. இட்லிக் கடையில் சட்னியையும் சாம்பாரையும் ஒரே கிண்ணத்தில் ஊற்றிவிட்டு, கேட்டால், "ஒருங்கிணைப்புங்க" என்றார்கள். அடி அண்ணாமலையில் ஒரு கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளை பெண் பெயருக்குக் கீழே 'ஒருங்கிணைப்பு: பெண்ணின் தாய்மாமன்' என்று அச்சாகியிருந்தது.

சகாதேவனுக்குப் பெருமை தாங்கவில்லை. கயிற்றுக் கட்டிலில் படுத்தபடி, வந்தவர் போனவரிடமெல்லாம், "எல்லாம் என் காலால வந்தது" என்றார்.

பலராமன் ஒரு நாள் ஜீப்பில் வந்து காலை நேரில் பார்வையிட்டார். அது அதற்குள் வீங்கி வடிந்து, ஒரு பக்கமாகத் திரும்பிக்கொண்டிருந்தது. கூடவே டாக்டர் ரேணுகாம்பாளும் வந்திருந்தார்.

"டாக்டர், இதுல மொத்தம் எத்தனை எலும்பு ஒடைஞ்சிருக்கு?"

"முழங்காலுக்குக் கீழ ரெண்டு எலும்பு சார். உள்பக்கம் பெரிசு, வெளிப்பக்கம் சின்னது. ரெண்டுமே ஒடைஞ்சிருக்கு."

பலராமன் முகத்தில் வெளிச்சம் வந்தது. "ரெண்டு எலும்பு! ரெண்டு காப்பு! இதை ஏன் யாரும் முன்னாடியே சொல்லல?"

அன்றைக்கே ஆணை பிறந்தது. மூட்டை சம்பந்தப்பட்ட பெரிய எலும்பு மில் காப்பைச் சார்ந்தது. குழம்பு சம்பந்தப்பட்ட சின்ன எலும்பு ஆபீஸ் காப்பைச் சார்ந்தது. ஒருவர் எலும்பில் மற்றவர் கை வைக்கலாகாது. சகாதேவன் இந்த நியாயத்தைக் கேட்டு மெய்சிலிர்த்தார்.

செவ்வாய்க்கிழமை மில் காப்பிலிருந்து ஆள் வந்து காலின் உள்பக்கத்துக்கு மட்டும் மாவு பூசிவிட்டுப் போனார். வியாழக்கிழமை ஆபீஸ் காப்பிலிருந்து வந்தவர், வெளிப்பக்கத்துக்குப் பூசத் தயாராகத்தான் இருந்தார். ஆனால் மாவு நிற்க வேண்டுமானால் காலைச் சுற்றித் துணி சுற்ற வேண்டும். சுற்றினால் துணி பெரிய எலும்பின் எல்லைக்குள் போகும்.

"பாதி சுத்தி நிறுத்த முடியாதாங்க?" என்று சகாதேவனே உதவிக்கு வந்தார்.

"நிக்காதுங்களே."

அதற்குள் செவ்வாய்க்கிழமை மாவு காய்ந்து தானாகக் கழன்று கட்டிலுக்குக் கீழே விழுந்தது. நடக்க உதவியாகக் கக்கத்தில் வைக்கும் கட்டை கேட்டபோது, ஆளுக்கு ஒன்று கொடுத்தார்கள். மில் காப்புக் கட்டை உயரம். ஆபீஸ் காப்புக் கட்டை குள்ளம். இரண்டையும் வைத்து எழுந்து நின்ற சகாதேவன், சாய்ந்த தேர் மாதிரி வாசல்வரை போய்த் திரும்பினார்.

தனத்துக்குப் பொறுமை போய்விட்டது. புருஷனை ரிக்ஷாவில் ஏற்றி நேராக வேங்கிக்காலுக்குக் கொண்டுபோனாள்.

"சார், ஒரே ஒரு காப்புல வெச்சு முழுசா பாக்கறதுக்கு வழியே இல்லீங்களா?"

மேஜைக்குப் பின்னாலிருந்து பலராமனின் குரல் மட்டும் வந்தது. "இருக்கு. ரெண்டு காப்பும் இவர் மேல வந்து விழுந்ததுக்கு அடிப்படைக் காரணம் ஒண்ணுதான்."

"இன்னாங்க?"

"கல்யாணம்."

பலராமன் அவசரமாகத் தொடர்ந்தார். "நிஜமா பிரியச் சொல்லலம்மா. காகிதத்துல மட்டும். தீர்ப்பு நகல் ஒண்ணு வெச்சா ஆபீஸ் காப்பு தானா விலகிடும்."

"தாலியக் கழட்டினா காலு சேந்துடுமாங்க?"

"சேரும்னு நான் சொல்லல. பரிசீலிக்க ஏதுவா இருக்கும்."

தனம் திரும்பிப் புருஷனைப் பார்த்தாள். சகாதேவன் மேலே சுழன்ற மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னா யோசிக்கிறீங்க?"

"ஒண்ணுமில்ல. கோர்ட்ல எவ்ளோ நாள் ஆவும்னு..."

தனம் அவரை அங்கேயே விட்டுவிட்டு விறுவிறுவென்று நடந்து போனாள். ரிக்ஷாக்காரர்தான் அவரைத் தூக்கி வைத்து வீடு சேர்த்தார். அதன்பிறகு கொஞ்ச நாள் சகாதேவனுக்குச் சோறு பாஞ்சாலை கையால்தான் வந்தது. தட்டை வைக்கும்போதெல்லாம் பாஞ்சாலை, "ஒண்ணுமே இல்லாத அர்ஜுனன் மூட்டை தூக்கறான். ரெண்டு வெச்சினு நீங்க படுத்துனு இருக்கீங்க" என்று சொல்லிவிட்டுப் போவாள். சகாதேவன் முதல்முறையாகச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துச் சத்தமில்லாமல் அழுதார். அதைக் கதவு இடுக்கில் பார்த்த தனம், அன்றைக்கு ராத்திரிச் சோற்றைத் தானே கொண்டுவந்து வைத்தாள். பக்கத்தில் உட்கார்ந்து, திரும்பிக்கிடந்த காலுக்கு எண்ணெய் தேய்த்துவிட்டாள்.

எலும்புக்கு அரசாணை படிக்கத் தெரியாது. இரண்டு அலுவலகங்களும் கடிதம் எழுதிக்கொண்டிருந்தபோதே, ஆடி மாதத்தில் ஒரு நாள், அது பாட்டுக்குச் சேர்ந்துகொண்டது. கோணலாகத்தான். பாதம் கிழக்கே போனால் முழங்கால் தென்கிழக்கே போயிற்று. இனிமேல் மூட்டை மேல் ஏற முடியாது என்று மில்லில் அவரைக் கேட் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்காரவைத்துவிட்டார்கள். அங்கிருந்து அண்ணாந்து பார்த்தால், முன்பு அவர் நின்ற அடுக்கின் மேல் வேறு ஒருவன் நின்று கத்திக்கொண்டிருப்பது தெரியும். சகாதேவன் அந்தப் பக்கம் பார்க்காமல் உட்கார்ந்திருப்பார்.

கடைசிப் பரிசோதனைக்கு எக்ஸ்ரே படம் எடுத்தபோது, முறிவு இல்லை என்று வந்துவிட்டது. பலராமன் ஆடிப்போனார். அவருடைய அலுவலகத்துக்கு வாழ்வாதாரமே அந்த ஒரு கால்தான். கால் குணமாகிவிட்டால் ஜீப் போய்விடும், மின்விசிறி போய்விடும், தாழ்ந்த நாற்காலிகூடப் போய்விடும். இரண்டு நாள் யோசித்து, அவர் மெட்ராசுக்கு ஓர் அறிக்கை அனுப்பினார். அதில் ஒரு பொய்யும் இல்லை. 'அலுவலகம் துவங்கிய குறுகிய காலத்திலேயே, பயனாளியின் பெரிய எலும்பும் சின்ன எலும்பும் முழுமையாக ஒருங்கிணைந்துவிட்டன என்பதை மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.'

மெட்ராஸ் மகிழ்ந்தது. விழா எடுக்கச் சொன்னது.

ஆவணி மாதம், பந்தல் போட்டு, மைக் கட்டி, ஊரே கூடியது. சகாதேவனை மேடை ஏற்ற நாலு பேர் தேவைப்பட்டார்கள். அவர் மனசுக்குள் ஒரு பேச்சு தயாராக இருந்தது. விடிந்ததிலிருந்து அதைத்தான் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் போட்டு உடைத்துவிடுவது, வேட்டியை விலக்கிக் காலைக் காட்டிவிடுவது என்று முடிவு. தனமும், "பயப்படாம சொல்லுங்க" என்று சொல்லி அனுப்பியிருந்தாள்.

ஆனால் பெரிய ரோஜா மாலை ஒன்று கழுத்தில் விழுந்தது. போட்டோக்காரர் பளிச்சென்று விளக்கடித்தார். பலராமன் மைக்கில், "இரட்டைக் காப்பின் தலைமகன்" என்றார். ஜனங்கள் விசிலடித்தார்கள். சகாதேவன் பிறந்ததிலிருந்து அவருக்காக யாரும் விசிலடித்ததில்லை. மைக்கைப் பிடித்தார்.

"என்னை... ரொம்ப நல்லா பார்த்துக்கினாங்க" என்றார். கைதட்டலில் பந்தல் ஆடியது.

அந்தக் கைதட்டலைக் கேட்டதும் கூட்டத்தில் இருந்தவர்களுக்குப் பொறுக்கவில்லை. ஒடிந்த காலுக்கே மாலை கிடைக்கிறதென்றால், நல்ல கால் வைத்திருக்கிற நாம் மட்டும் என்ன பாவம் செய்தோம்? கீழ்பென்னாத்தூரிலிருந்து வந்திருந்த விவசாயிகள் முதலில் எழுந்தார்கள். "எங்களுக்கும் ரெண்டு காப்பு வேணும்!" பின்னாலிருந்து சவரக் கடை, இட்லிக் கடை, குதிரை வண்டி எல்லாம் எழுந்தன. தினக்கூலிகளின் சார்பில் அர்ஜுனன் பெஞ்சு மேலேயே ஏறி நின்று, குணமான காலால் பெஞ்சை உதைத்துக் கத்தினான். ஊர்வலம் போயிற்று. மனு போயிற்று. ஒருங்கிணைப்பு என்ற வார்த்தை மனுவில் வந்ததால் மேலிடத்தில் மறுக்க முடியவில்லை. கார்த்திகை தீபத்துக்குள், ஊரில் பிறந்த குழந்தைமுதல் படுத்த கிழவர்வரை எல்லார் சட்டைப் பையிலும் இரண்டு அட்டைகள்.

அத்தோடு இன்னொரு காரியமும் நடந்தது. காப்பு இல்லாத ஏழை என்று ஊரில் ஒருவரும் மீதி இல்லாததால், இலவச வைத்தியசாலைக்கு ஆள் வருவது முறைப்படி நின்றுபோனது. சும்மா கிடக்கிற கட்டடத்தை என்ன செய்வது? வேலை பெருகி இடம் போதாமல் தவித்த ஒருங்கிணைப்பு அலுவலகத்துக்கே கொடுத்துவிட்டார்கள். கட்டில்களை வெளியே எடுத்துப் போட்டு, மேஜைகளை உள்ளே போட்டார்கள்.

திறப்பு விழாவில் பலராமன் ரிப்பனை வெட்டினார். மறுபடியும் ஊரே திரண்டு கைதட்டியது. புதிதாகத் தொடங்கிய இரட்டைக் காப்பு உறுப்பினர் சங்கத்தின் தலைவர் என்ற முறையில், முன்வரிசையில் சகாதேவன் கைதட்டினார். பக்கத்தில் படபடவென்று சத்தம் கேட்டுத் திரும்பிப் பார்த்தால், தனமும் தட்டிக்கொண்டிருந்தாள்.

"நீயுமா?" என்றார் சகாதேவன்.

தனம் தன் கைகளைப் பார்த்துக்கொண்டாள். "எல்லாரும் தட்டினாங்களேங்க" என்றாள்.

அப்போது கூட்டத்தின் நடுவில், பூக்காரி ஜோதியம்மாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். "யப்பா, சுருக்குனு புடிச்சிக்குச்சே. நான் எங்க போவணும், யாராச்சும் சொல்லுங்களேன்."

ஊர் முழுக்க இரக்கத்தோடு அவள் பக்கம் திரும்பி, ஒரே குரலில் வழி சொன்னது. பாதிப் பேர் கிழக்கே கை காட்டினார்கள், பாதிப் பேர் மேற்கே.